புராசஸர் வேகத்தைக் குறைத்துப் பார்த்து கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு. கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உங்களிடம் இருப்பது ஐ5 10400எஃப் புராசஸர், ஒரே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 75 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டர். ஆர்டிஎக்ஸ் 4060 வாங்க ஆசை. கடைக்காரர், இந்தப் புராசஸர் அந்தக் கார்டுக்குத் தாங்காது, மதர்போர்டோடு மாற்றிவிடுங்கள் என்கிறார். கூடப் படிக்கும் நண்பரோ, விண்டோஸில் புராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்து விளையாடிப் பார், பிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) குறையாவிட்டால் புராசஸர் தெம்பாகத்தான் இருக்கிறது என்கிறார். வைத்துப் பார்த்தீர்கள். சைபர்பங்க் 2077 ஆட்டத்தில் முன்பும் 45 பிரேமை ஒட்டித்தான் வந்தது, பின்பும் அதே 45தான். ஆக, கார்டை மட்டும் வாங்கினால் போதுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், அறை வெக்கையும் ஊரின் லோ வோல்டேஜும் இதில் விளையாடுமா என்றும் ஒரு வரி.

நண்பர் சொன்ன சோதனை சரியானதுதான். காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். கார்டு மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நானும் முதலில் இதைத்தான் செய்து காட்டுவேன். ஆனால் அது நிரூபிப்பது ஒன்றே ஒன்று: இன்று, இந்தக் கார்டோடு, இந்த ஆட்டத்தில், தடை போடுவது புராசஸர் அல்ல. கடைக்காரர் பேசுவது இன்னும் வாங்காத கார்டைப் பற்றி. இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறார்கள், அதனால் ஒருவர் சரி என்பதாலேயே இன்னொருவர் தப்பு ஆகிவிட மாட்டார். நல்ல சங்கதி என்னவென்றால், நண்பரின் சோதனையை இன்னும் நாலு படி கீழே கொண்டுபோனால் கடைக்காரரின் கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்துவிடும். அதைத்தான் விளக்கப் போகிறேன்.

ஒரு பிரேம் திரைக்கு வருவதற்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது, கேமராவுக்குள் எவையெல்லாம் விழுகின்றன, எதை எப்படி வரைய வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்து கட்டளைகளாக எழுதித் தருவது புராசஸர். அதை வாங்கி, ஃபுல் எச்டி திரையின் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிடுவது கார்டு. கார்டு ஒரு பிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே புராசஸர் அடுத்த பிரேமைத் தயார் செய்யத் தொடங்கிவிடும். எனவே இரண்டு பேரின் நேரத்தையும் கூட்டக் கூடாது. யார் மெதுவோ அவர் நேரம்தான் கணக்கு.

ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றிக்கொண்டே போவார், இன்னொருவர் பின்னால் சிமெண்டுக் கலவையைப் போட்டு நிரப்பி மட்டம் தட்டுவார். சாயங்காலம் எத்தனை கல் தேறும் என்பது இரண்டு பேரில் மெதுவானவர் கையில்தான் இருக்கிறது. யார் மெது என்று கண்டுபிடிக்க, வண்ணம் ஊற்றுபவரைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யச் சொல்லிப் பார்த்தால் போதும். கல் எண்ணிக்கை குறையவில்லை என்றால், அவர் இதுவரை கொஞ்ச நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஒருவரை வேகப்படுத்துவதைவிட மெதுவாக்குவது சுலபம். உங்கள் 10400எஃப் மாதிரி பூட்டிய புராசஸரை அதன் உச்சத்துக்கு மேல் ஏற்ற முடியாது. இறக்க யாரும் தடுக்கவில்லை. மென்பொருள் ஆய்விலும் இந்த உத்தி உண்டு. 2015இல் சார்லி கர்ட்சிங்கர், எமரி பெர்கர் என்ற இருவர் வெளியிட்ட காஸ் என்ற கருவி, நிரலின் ஒரு வரி வேகமானால் என்ன லாபம் என்று அறிய, கூடவே ஓடும் மற்ற வேலைகளை வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்கிறது.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 45 பிரேம் என்றால் பிரேமுக்கு 22 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். 10400எஃப்பின் அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், எல்லா கோரும் (உள்ளே இருக்கும் தனித்தனிக் கணக்கு அலகுகள்) உழைக்கும்போது டர்போவில், அதாவது தேவைப்படும்போது தானே ஏறும் கூடுதல் வேகத்தில், 4.0 வரை போகும். 99 சதவீதம் வைத்ததும் டர்போ அணைந்து 2.9க்கு இறங்கியிருக்கும். பெயர்தான் ஒரு சதவீதம், உண்மையில் கால் பங்குக்கும் மேலே வேகம் போய்விட்டது. அப்படியும் பிரேம் அசையவில்லை என்றால், 2.9இலும் புராசஸர் தன் வேலையை 22 மில்லிசெகண்டுக்குள் முடித்துவிடுகிறது. அதே புராசஸர் 4.0இல் ஓடினால் அதே வேலைக்கு 16ஐ ஒட்டி ஆகும், அதாவது 60 பிரேமுக்குப் பக்கத்தில் தர முடியும் என்று உத்தேசமாகச் சொல்லலாம். இது குறைந்தபட்சக் கணக்கு. உண்மையான உச்சம் இதைவிட அதிகமாகவே இருக்கலாம், எவ்வளவு அதிகம் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள, பிரேம் விழத் தொடங்கும் வரை இறக்கிக்கொண்டே போக வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில் அதே இடத்தில் 99க்குப் பதில் 90, 80, 70 என்று வையுங்கள். எந்தச் சதவீதத்துக்கு எந்த வேகம் வரும் என்பது மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். அதனால் சதவீதத்தைக் குறிக்காதீர்கள். ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஆட்டத்துக்கு மேலேயே காட்டும் மெகாஹெர்ட்ஸைப் பார்த்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 2.6இலும் 45, 2.3இலும் 45, 2.0இல் 41 என்று வந்தால், திருப்பம் 2.2ஐ ஒட்டி எங்கேயோ இருக்கிறது. அங்கேதான் புராசஸரும் கார்டும் சமம். 4.0ஐ 2.2ஆல் வகுத்தால் 1.8, 45ஐ அதனால் பெருக்கினால் 80 சொச்சம். எந்தக் கார்டைப் போட்டாலும் இந்த ஆட்டத்தில் இந்தப் புராசஸர் தாண்ட முடியாத கூரை அது. ஆர்டிஎக்ஸ் 4060 உங்கள் 1650ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம் உள்ளது. ஆக, இந்த உதாரணத்தின்படி கார்டு 90ஐத் தாண்டத் தயாராக இருக்கும், புராசஸர் 80ஐ ஒட்டி நிறுத்திவிடும். கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ், நொடிக்கு 75 பிரேமுக்கு மேல் அது காட்டாது.

கூரை என்று சொன்னேன், ஏன் துல்லியமான கணிப்பு என்று சொல்லவில்லை? கோரின் வேகத்தைக் குறைக்கும்போது ரேமின் வேகம் குறைவதில்லை. ஆட்டத்தின்போது புராசஸர் கணிசமான நேரம் ரேமிலிருந்து தரவு வரட்டும் என்று காத்துக்கிடக்கிறது; அந்தக் காத்திருப்பு 4.0இலும் அதேதான், 2.0இலும் அதேதான். எனவே வேகத்தைப் பாதியாக்கினால் பிரேம் சரியாகப் பாதியாகாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இதையே திருப்பிப் போட்டால், 2.0இலிருந்து 4.0க்கு ஏற்றினால் பிரேம் இரட்டிப்பாகாது. அதனால் வகுத்து வரும் எண்ணிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பது ஆட்டத்தைப் பொறுத்தது, அதற்குப் பொதுவான விகிதம் கிடையாது. புராசஸர் வேகத்தைக் கால் பங்கு குறைத்து, பிரேம் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, எனவே பாதித் தடைதான் புராசஸர் என்று சிலர் வாதிடுவார்கள். அப்படி அல்ல. முழுக்க முழுக்கப் புராசஸர் பக்கமே தடை இருந்தாலும் ரேம் காத்திருப்பால் அந்த மாதிரி எண் வரலாம்.

அதனால் இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வேகத்தை நூறுக்கே கொண்டுவந்துவிட்டு, ஆட்டத்தின் ரெசொல்யூஷனை 1280க்கு 720 ஆக்குங்கள். அதுவும் 16க்கு 9 விகிதம் என்பதால் காட்சியின் அகலம் மாறாது. நிழல், பிரதிபலிப்பு போன்ற கார்டைப் பிழியும் அமைப்புகளையெல்லாம் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஆனால் தெருவில் எத்தனை பேர் நடமாட வேண்டும் என்ற கூட்ட அடர்த்தியை மட்டும், நீங்கள் புதுக் கார்டில் எப்படி விளையாடப் போகிறீர்களோ அப்படியே விட்டுவிடுங்கள், ஏனென்றால் அது புராசஸருக்கான வேலை. அதையும் சேர்த்து இறக்கிவிட்டு, ஆகா 110 பிரேம் வருகிறதே என்று மகிழ்கிறவர்கள் உண்டு. இப்போது கார்டின் சுமை போய்விட்டதால், வரும் பிரேம் எண் ஏறத்தாழ புராசஸரின் கூரைதான். அது உண்மையிலேயே கூரையா, அல்லது அந்த 1650 இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, அந்த நிலையிலேயே மறுபடி 99 வைத்துப் பாருங்கள். பிரேம் நன்றாக விழுந்தால் கூரைதான். விழாவிட்டால் கார்டு இன்னும் வழிவிடவில்லை. அப்போது கிடைத்த எண்ணை குறைந்தபட்சம் இவ்வளவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வகுத்து வந்த எண்ணும் 720இல் வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்த முடிவை நம்பி காசு போடலாம்.

கார்டையும் இதே போல மெதுவாக்கிப் பார்க்கலாம். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டையோ கோர் வேகத்தையோ இறக்கினால் போதும். கார்டை இறக்கியும் பிரேம் அசையவில்லை, புராசஸரை இறக்கியும் அசையவில்லை என்றால், எங்கேயோ ஒரு பூட்டு போட்டிருக்கிறது. பெரும்பாலும் வி சிங்க் (பிரேமை மானிட்டரின் ஹெர்ட்ஸோடு கட்டிவைக்கும் அமைப்பு), இல்லையேல் ஆட்டத்திலோ டிரைவரிலோ வைத்த பிரேம் வரம்பு. சரியாக 60, 75 என்று நின்றால் முதலில் அதைத்தான் தேட வேண்டும். எதை இறக்கினாலும் கொஞ்சம் கொஞ்சம் விழுகிறது என்றால், காட்சிக்குக் காட்சி தடை மாறுகிறது என்று பொருள். கூட்டமான சந்தைத் தெருவில் புராசஸர் திணறும், ஆளில்லாத வெளியில் கார்டு திணறும். சராசரி எண் இரண்டையும் கலந்து காட்டுகிறது. இது மிகச் சாதாரணம். இந்த ஜோடிக்கு இத்தனை சதவீதம் பாட்டில்நெக் (தடை) என்று ஒற்றை எண் தருகிற இணையக் கால்குலேட்டர்களை நான் ஒரு காசுக்கு மதிப்பதில்லை. எந்த ஆட்டம், எந்த ரெசொல்யூஷன், எந்தத் தெரு என்று கேட்காமல் சொல்லும் எண்ணுக்கு என்ன மதிப்பு?

டாஸ்க் மேனேஜரில் புராசஸர் 45 சதவீதம்தான் ஓடுகிறது, பிறகெப்படி அது தடையாகும் என்றும் கேட்பீர்கள். உங்களுடையது 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்). ஆட்டத்தின் பிரதான த்ரெட் ஒன்று முழு மூச்சில் ஓடினாலும், மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதம் சொச்சமாகத்தான் தெரியும். மற்ற த்ரெட்கள் அதற்காகக் காத்திருக்கும். அதனால் மொத்த சதவீதத்தை வைத்துப் புராசஸருக்கு நற்சான்று தர முடியாது. கார்டின் பயன்பாட்டு எண் அதைவிட நம்பகமானது. எந்தப் பூட்டும் இல்லாமல் 97, 98 என்று நிலையாக நின்றால் கார்டுதான் தடை. 70இல் நின்றால் கார்டுக்கு வேலை போதவில்லை. வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனையின் அழகே, இந்தச் சதவீதங்களை நம்பாமல் விளைவை நேராகப் பார்ப்பதுதான்.

அளக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவில் சும்மா சுற்றிக்கொண்டு மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சைபர்பங்கில் உள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே பாதையில் ஓடும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ஷேடர்களை (கார்டு வரைவதற்கான சின்ன நிரல்களை) தயாரிப்பதும் கோப்புகளை முதன்முறை படிப்பதும் அதில் கலந்திருக்கும். அப்புறம் மூன்று ஓட்டம் ஓட்டி நடுவில் வருவதை எடுங்கள். இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சராசரியோடு 1 சதவீத லோ என்று ஆஃப்டர்பர்னர் காட்டும் எண்ணையும் குறியுங்கள். அதாவது மிக மோசமான பிரேம்களின் நிலை. பல நேரம் வேகத்தைக் குறைக்கும்போது சராசரி அப்படியே நிற்கும், இந்த எண் மட்டும் இறங்கும். கையில் உணரும் திக்கல் இதில்தான் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் சராசரி மாறவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், லோ எண் என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் புராசஸர் முழுக்கத் தெம்பு என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்த ஒற்றை ரேம் ஸ்டிக் என்னை உறுத்துகிறது. ஒரே ஸ்டிக் என்றால் ஒரே சேனல். புராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள பாதையில் பாதி அடைத்துக் கிடக்கிறது. 10400எஃப்புக்கு அதிகாரபூர்வ ரேம் வேகமே 2666தான், எச்410, பி460 போர்டுகளில் அதற்கு மேல் போகவும் முடியாது. இருக்கும் கொஞ்சத்தில் பாதியை விட்டுவைத்தால் எப்படி? கார்டே தடையாக இருக்கும் இன்றைய நிலையில் இது வெளியே தெரியாது. 4060 வந்து தடை புராசஸர் பக்கம் நகர்ந்ததும் தெரியும், முக்கியமாக அந்த லோ எண்ணில். போர்டில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி போடுங்கள். இன்றைய ஆட்டங்களுக்கு 8 ஜிபி எப்படியும் பற்றாது. ஸ்டிக் போட்ட பிறகு 720 சோதனையை மறுபடி ஓட்டுங்கள், கூரை உயர்ந்திருக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. புராசஸரையும் போர்டையும் மாற்ற ஆகும் காசோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

உங்கள் 1650இன் 4 ஜிபி நினைவகமும் சோதனையைக் குழப்பக்கூடியது. டெக்ஸ்சர் (உருவங்களின் மேல் ஒட்டும் படங்கள்) தரம் ஏறி அந்த 4 ஜிபி நிறைந்துவிட்டால், மிச்சத்தைக் கார்டு மெயின் ரேமிலிருந்து பஸ் வழியாக இழுக்கும். அப்போது பிரேம் சரியும், ஆனால் அது புராசஸர் வேகமோ கார்டின் வேகமோ சம்பந்தப்பட்ட சரிவு அல்ல. சோதனைக்கு முன் டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்கி, நினைவகம் நிரம்பாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வெக்கை. வளவை ஒட்டிய சின்ன அறையில், ஜன்னல் இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துத் தடித்த சுவர் பகல் முழுக்க வெளி வெயிலைத் தடுக்கும், சரி. ஆனால் உள்ளே நீங்களே ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினால், அதே சுவர் அந்தச் சூட்டை வெளியே விடாது. 10400எஃப் 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் 4.0 என்று நினைத்துச் செய்யும் சோதனை உண்மையில் 3.3இல் நடந்துகொண்டிருக்கலாம். அப்போது 99 வைத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது, புராசஸர் பிரமாதம் என்று தப்பாக முடிவு செய்வீர்கள். அதனால்தான் கிகாஹெர்ட்ஸையும் டிகிரியையும் திரையில் வைத்துக்கொண்டே ஓட்டச் சொல்கிறேன். சோதனைக்கு முன் அரை மணி நேரம் விளையாடி மெஷினைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள், எல்லா ஓட்டமும் ஒரே சூட்டில் நடக்க வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று கலக்காதீர்கள்.

புதுவயலில் ஓர் அரிசி ஆலைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. கார்டு போதவில்லை, புதுசு வேண்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். ஓட்டிப் பார்த்தால் கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, புராசஸர் அடிப்படை வேகத்துக்கும் கீழே ஊர்ந்துகொண்டிருக்கிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ஹீட்சிங்க்கின் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு அடியில் அலுமினியத் தகடுகளின் இடுக்கு ஒவ்வொன்றிலும் தவிட்டுத்தூசி படிந்து, பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது. ஊதினால் போகவில்லை, பிரஷ்ஷால் சுரண்ட வேண்டியிருந்தது. அடியில் இருந்த பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்ததும் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் போனது, அவர்களும் பழைய கார்டோடே திரும்பிவிட்டார்கள். வேகத்தைக் குறைக்கும் சோதனையைச் செய்வதற்கு முன், மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லோ வோல்டேஜ் பற்றிக் கேட்டீர்கள். கரண்ட் மங்கலாக வந்தால் பிரேம் மங்கும் என்பது நம் பக்கம் பலருக்கும் உள்ள நம்பிக்கை. டெஸ்க்டாப்பில் அப்படி நடப்பதில்லை. மெஷினுக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, உள்ளே வரும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே 12 வோல்ட்டைத்தான் தரும். தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் அணைந்துவிடும். நடுவே மெதுவாக ஓடும் நிலை என்று ஒன்று இல்லை. நல்ல சப்ளைகளின் மேல் 100 முதல் 240 என்று அச்சிட்டிருக்கும், மலிவானவற்றில் 200 முதல் 240. லேப்டாப் மட்டும் வேறு கதை, கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினால் வேகத்தை வெகுவாக இறக்கிவிடும்.

இந்தச் சோதனையால் மெஷினுக்கு ஏதாவது ஆகுமா என்று பயப்பட வேண்டாம். வேகத்தை இறக்குவது ஆபத்தில்லாத வேலை, சூடும் மின்சாரமும் குறையும், அவ்வளவுதான். பயாஸுக்குள் போய் வோல்டேஜைத் தொட்டால் அது வேறு விவகாரம், இதற்கு அது தேவையே இல்லை. ஒன்றே ஒன்று: முடிந்ததும் 100க்குத் திருப்பி வையுங்கள். மெஷின் திடீரென்று மந்தமாகிவிட்டது என்று வருகிறவற்றில், யாரோ எப்போதோ 99 வைத்துவிட்டு மறந்துபோனவையும் உண்டு.

சோதனை சொல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேகம் குறைத்த உங்கள் 10400எஃப், பழைய புராசஸர் ஒன்றின் மாதிரியும் ஆகாது. இதை வைத்துப் புதுப் புராசஸர் எவ்வளவு தரும் என்றும் கணிக்க முடியாது. கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கணக்கல்ல. ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற புராசஸர், தன் அண்ணன் 5800எக்ஸைவிட உச்ச வேகத்தில் குறைந்ததுதான். ஆனால் 32க்குப் பதில் 96 எம்பி எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் ஆட்டங்களில் அதைத் தாண்டிப் போகிறது. ரேமுக்காகக் காத்திருக்கும் நேரம் என்று மேலே சொன்னேனே, அது குறைவதால் வரும் லாபம்.

இன்னொன்று, உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. 4060 வந்ததும் ரே டிரேசிங்கை (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் முறை) போட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள். ரே டிரேசிங் கார்டுக்கு மட்டும் சுமை என்று நினைக்கிறார்கள். காட்சியின் உருவங்களை அடுக்கி வைத்துத் தயார் செய்யும் வேலை புராசஸருக்கும் கூடும். உங்கள் 1650இல் சைபர்பங்கின் ரே டிரேசிங்கைப் போட முடியாது என்பதால், இன்று அளக்கும் கூரை ரே டிரேசிங் இல்லாத கூரை மட்டுமே. போட்டால் அது கீழே வரும், எவ்வளவு என்பது கார்டு கைக்கு வந்த பிறகுதான் தெரியும். டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் வசதி) போட்டால் கார்டின் சுமை குறையும், ஆனால் புராசஸரின் கூரை அங்கேயே இருக்கும். 4060இல் உள்ள ஃபிரேம் ஜெனரேஷன், புராசஸரைக் கேட்காமல் நடுவில் பிரேம்களைச் செருகுவதால் எண்ணை ஏற்றிக் காட்டும். பார்வைக்கு வழவழப்பு கூடும், பட்டனை அழுத்தினால் வரும் பதில் வேகம் அதனால் கூடாது.

என் யோசனை இதுதான். 720 சோதனையில் நீங்கள் விளையாடும் ஆட்டங்களில் கூரை 75ஐ ஒட்டியோ மேலேயோ வந்தால், புராசஸரைத் தொடாதீர்கள். இரண்டாவது ரேமும் கார்டும் போதும். உங்கள் மானிட்டர் காட்ட முடியாத பிரேமுக்காகப் போர்டை மாற்றுவது வீண். கூரை 50, 55 என்றுதான் வருகிறது, அதுவும் இரண்டாவது ரேம் போட்ட பிறகும் என்றால், கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போது 4060க்குப் போகாமல், அதைவிட விலை குறைந்த கார்டைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் புராசஸருக்கு ஒதுக்கலாம். கிரிக்கெட், கால்பந்து மாதிரி லேசான ஆட்டங்கள் மட்டும்தான் என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பணம் கட்டுவதற்கு முன் மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரு பார்வை பாருங்கள். 1650 கார்டுகள் பலவற்றுக்குத் தனி பவர் வயரே தேவைப்படாது, ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொள்ளும். 4060க்கு 115 வாட், பெரும்பாலான மாடல்களுக்கு 8 பின் வயர் ஒன்று வேண்டும், என்விடியா சொல்வது 550 வாட் சப்ளை. உங்கள் கேபினெட்டோடு சேர்ந்து வந்த சப்ளையில் அந்த 8 பின் வயர் இருக்கிறதா என்று பார்த்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்பதையும், 720 சோதனையின் சராசரி, லோ எண்களையும் எழுதுங்கள். சப்ளையும் மாற்ற வேண்டுமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.